கணக்கு மேசை: லாட்டிஸ் விதிகள் எங்கே உடைகின்றன?

சென்ற இதழில் லாட்டிஸ் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். வந்த கடிதங்கள் அரைப் பக்கத்தில் அடங்குகிற மாதிரி இல்லை. அந்தப் பகுதியைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கம்: வரிசைப்படுத்தப்பட்ட ஒரு கணத்தில் எந்த இரண்டு உறுப்புகளை எடுத்தாலும், இரண்டுக்கும் மேலே இருப்பவற்றில் மிகக் கீழானது ஒன்று இருக்க வேண்டும். அது ஜாயின், குறி ∨. இரண்டுக்கும் கீழே இருப்பவற்றில் மிக மேலானதும் ஒன்று இருக்க வேண்டும். அது மீட், குறி ∧. அவ்வளவுதான் லாட்டிஸ். கணங்களில் சேர்ப்பும் வெட்டும், எண்களில் மீச்சிறு பொது மடங்கும் மீப்பெரு பொது வகுத்தியும் இதற்குப் பழகிய உதாரணங்கள். எழுத்துகளுக்கு எந்த உறுப்பைப் போட்டாலும் இரண்டு பக்கமும் சமமாக வருகிற சமன்பாடுதான் முற்றொருமை.

கேள்வி: க ∧ (ச ∨ த) = (க ∧ ச) ∨ (க ∧ த) என்ற பங்கீட்டு விதி கணங்களுக்கும் சரி, எண்களுக்கும் சரி, எப்போதும் பொருந்துகிறது. அப்படியிருக்க இதைத் தனி விதியாக ஏன் எழுத வேண்டும்? லாட்டிஸின் அடிப்படை விதிகளிலிருந்தே வருவிக்க முடியாதா? (இளங்கலை மாணவி)

பதில்: முடியாது. ஆனால் முடியும் என்று நினைத்த முதல் ஆள் நீங்கள் இல்லை. சார்ல்ஸ் பியர்ஸ் 1880இல் எழுதிய தர்க்க இயற்கணிதக் கட்டுரையில், இதை எளிதாக நிறுவிவிடலாம், எழுதத்தான் அலுப்பு என்கிற தோரணையில் ஒரு வரியோடு கடந்துபோனார். 1890இல் எர்ன்ஸ்ட் ஷ்ரோடர் தன் நூலின் முதல் தொகுதியில், அந்த விதியின் ஒரு பாதி அடிப்படை விதிகளிலிருந்து வரவே வராது என்று காட்டினார். அவர் கொடுத்த எதிருதாரணம் பாரமானது. இன்றைக்கு ஐந்து புள்ளிகள் போதும்.

ஐந்து புள்ளிக்குப் போகும் முன், உங்கள் இரண்டு உதாரணங்களும் ஏன் ஏமாற்றுகின்றன என்று பார்க்கலாம். 12, 8, 18 எடுங்கள். 8, 18 இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 72. அதற்கும் 12க்கும் மீப்பெரு பொது வகுத்தி 12. மறுபக்கம்: 12, 8 இரண்டுக்கும் 4, 12, 18 இரண்டுக்கும் 6, 4, 6 இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 12. பொருந்துகிறது. பொருந்தாமல் போக வழியே இல்லை. ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்கையும் தனியாகப் பிரித்துப் பாருங்கள். மீப்பெரு பொது வகுத்தி சிறிய அடுக்கை எடுக்கிறது, மீச்சிறு பொது மடங்கு பெரிய அடுக்கை எடுக்கிறது. அடுக்குகள் 0, 1, 2, 3 என்று ஒரே சங்கிலியில் நிற்கின்றன, அதாவது எந்த இரண்டை எடுத்தாலும் ஒன்று மற்றதற்குக் கீழே இருக்கும். சங்கிலியில் பங்கீட்டு விதி உடையாது. கணங்களிலும் இதே கதைதான்: ஒவ்வொரு புள்ளியும் உள்ளே அல்லது வெளியே, அதாவது இரண்டே உறுப்புள்ள சங்கிலி. ஆக நீங்கள் சோதித்தது சங்கிலிகளைத்தான், வேறு வேறு வேடத்தில்.

இப்போது ஒரு தளத்தில் ஆதிப்புள்ளி வழியாகப் போகும் மூன்று வெவ்வேறு கோடுகளை எடுங்கள்: க, ச, த. இங்கே மீட் என்பது வெட்டு. ஜாயின் என்பது இரண்டு கோடுகளும் சேர்ந்து நிரப்பும் வெளி. ச ∨ த என்பது முழுத் தளம். எனவே க ∧ (ச ∨ த) = க. ஆனால் க ∧ ச வெறும் ஆதிப்புள்ளி, க ∧ த அதேதான், இரண்டின் ஜாயினும் ஆதிப்புள்ளியே. இடப்பக்கம் ஒரு முழுக் கோடு, வலப்பக்கம் ஒரு புள்ளி. கீழே ஒன்று, நடுவில் மூன்று, மேலே ஒன்று: இந்த ஐந்து உறுப்புப் படத்துக்குப் பெயர் எம்3.

வலப்பக்கம் இடப்பக்கத்தை விட மேலே போவதே இல்லை என்பதையும் கவனியுங்கள். அந்தப் பாதி எல்லா லாட்டிஸிலும் உண்மை. தகராறு மற்றப் பாதியில் மட்டும்.

என் மாணவர்களிடம் நான் பிடிவாதமாகச் சொல்வது: ஒரு முற்றொருமையைப் பார்த்ததும் அதை நிறுவ உட்காராதீர்கள், அது உடைகிற லாட்டிஸைத் தேடுங்கள். கிடைத்தால் வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால், ஏன் கிடைக்கவில்லை என்பதிலேயே நிறுவலின் முதல் வரி இருக்கும்.

கேள்வி: சில புத்தகங்களில் க ∨ க = க என்பது லாட்டிஸ் விதிகளில் ஒன்றாக இருக்கிறது, சிலவற்றில் இல்லை. எது சரி? (முதுகலை மாணவர்)

பதில்: இரண்டும் சரி. உட்கொள்ளல் விதிகள், அதாவது க ∧ (க ∨ ச) = க, க ∨ (க ∧ ச) = க என்ற இரண்டும், இருந்தால் அது தானாக வந்துவிடும். முதலாவதில் சவுக்குப் பதில் கவையே போட்டால் க ∧ (க ∨ க) = க. எனவே க ∨ க என்பதில் இரண்டாவது கவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் க ∧ (க ∨ க) என்று எழுதலாம். கிடைப்பது க ∨ (க ∧ (க ∨ க)). இப்போது மற்ற உட்கொள்ளல் விதி மொத்தத்தையும் க என்று சுருக்கிவிடும். ஒரே வரி. வசதிக்காகப் பட்டியலில் வைத்திருக்கும் புத்தகங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

கேள்வி: மாடுலர் விதியில் 'க ≤ த என்றால்' என்று நிபந்தனை வருகிறதே. நிபந்தனை உள்ளதை முற்றொருமை என்று எப்படிச் சொல்கிறார்கள்? அப்புறம், இந்த விதி எதற்கு? பங்கீட்டு விதியே போதாதா? (பணி ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்)

பதில்: ஐயா, நிபந்தனையை விழுங்கிவிட ஒரு சின்ன வழி இருக்கிறது. விதி இது: க ≤ த என்றால் க ∨ (ச ∧ த) = (க ∨ ச) ∧ த. இதில் க இருக்கும் இடத்திலெல்லாம் க ∧ த என்று எழுதிவிடுங்கள். க ∧ த எப்போதும் தவுக்குக் கீழேதான் இருக்கும், ஆகவே நிபந்தனை தேவையில்லாமல் போகிறது:

(க ∧ த) ∨ (ச ∧ த) = ((க ∧ த) ∨ ச) ∧ த

இது எல்லா உறுப்புகளுக்கும் பொருந்துகிற சுத்தமான முற்றொருமை. க ≤ த என்று வந்தால் க ∧ த என்பது கவே, எனவே பழைய விதி திரும்பக் கிடைத்துவிடும்.

எதற்கு என்ற கேள்விக்கு மேலே சொன்ன மூன்று கோடுகளே பதில். வெக்டர் வெளிகளின் உள்வெளிகள் பங்கீட்டு விதியை மீறுகின்றன, ஆனாலும் மாடுலர் விதியை மீறுவதில்லை. காரணம் கழித்தல். வலப்பக்கத்திலிருந்து ஒரு வெக்டரை எடுங்கள். அது தவில் இருக்கிறது, அதோடு கவிலிருந்து ஒன்றும் சவிலிருந்து ஒன்றும் கூட்டிக் கிடைத்தது. க முழுவதும் தவுக்குள் இருப்பதால், கவிலிருந்து வந்த பகுதியைக் கழித்தாலும் மீதி தவுக்குள்ளேயே நிற்கும். மீதி சவைச் சேர்ந்தது, தவையும் சேர்ந்தது. எனவே மொத்த வெக்டர் இடப்பக்கத்தில் இருக்கிறது. முடிந்தது. ஒரு குலத்தின் நேர்மை உட்குலங்களுக்கும் இதே நிறுவல் கிட்டத்தட்ட அப்படியே போகும்.

எல்லா உட்குலங்களையும் எடுத்தால் விதி உடையலாம். நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள் சேர்ந்த 12 உறுப்புக் குலத்தைப் பாருங்கள். அதில் 2 உறுப்புள்ள ஒரு உட்குலம் க, அதை உள்ளடக்கிய 4 உறுப்பு உட்குலம் த, தனியே 3 உறுப்புள்ள ஒன்று ச. ச ∧ த என்பது ஒற்றை உறுப்பு, எனவே இடப்பக்கம் க. கவும் சவும் சேர்ந்தால் முழுக் குலமும் வந்துவிடும், ஏனென்றால் இந்தக் குலத்தில் 6 உறுப்புள்ள உட்குலமே கிடையாது. எனவே வலப்பக்கம் த. கவும் தவும் வேறு வேறு. கீழ்ப்புள்ளி, மேல்புள்ளி, ஒரு பக்கம் க, த என்று இரண்டு படி, மறுபக்கம் ச தனியாக: இந்த ஐந்து உறுப்புப் படம் என்5.

ரிச்சர்ட் டெடகிண்ட் 1900இல் காட்டியது: ஒரு லாட்டிஸ் மாடுலர் விதியை மீறினால் அதற்குள் என்5 இருந்தே தீரும். காரெட் பிர்காஃப் 1934இல் அதற்கு மேலே ஒரு படி போனார்: பங்கீட்டு விதியை மீறினால் எம்3, என்5 இரண்டில் ஒன்றாவது உள்ளே இருக்கும். இந்தத் துறையில் ஒரே ஒரு தேற்றம்தான் நினைவில் இருக்கலாம் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

கேள்வி: (க ∧ ச) ∨ (ச ∧ த) ∨ (த ∧ க) = (க ∨ ச) ∧ (ச ∨ த) ∧ (த ∨ க) என்பதும் பங்கீட்டு விதியும் ஒன்றுதான் என்று வகுப்பில் சொன்னார்கள். ஒரு திசை எளிதாக வந்தது. மறுதிசைக்கு நான்கு பக்கம் எழுதியும் முடியவில்லை. குறுக்கு வழி உண்டா? (இளங்கலை மாணவர்)

பதில்: மேலே உள்ள தேற்றம் எதற்கு இருக்கிறது? நான்கு பக்கத்தையும் ஓரமாக வைத்துவிட்டு இரண்டு படம் வரையுங்கள். எம்3இன் நடு மூன்று புள்ளிகளையும் போட்டால் இடப்பக்கம் மூன்று அடிப்புள்ளிகளின் ஜாயின், அதாவது அடி. வலப்பக்கம் மூன்று உச்சிகளின் மீட், அதாவது உச்சி. உடைந்தது. என்5இல் கவுக்கு மேலே த, தனியே ச. க ∧ த என்பது க, மற்ற இரண்டு மீட்டும் அடி. இடப்பக்கம் க. க ∨ த என்பது த, மற்ற இரண்டு ஜாயினும் உச்சி. வலப்பக்கம் த. அங்கும் உடைந்தது.

எனவே இந்தச் சமன்பாடு பொருந்துகிற லாட்டிஸுக்குள் எம்3யும் இருக்க முடியாது, என்5யும் இருக்க முடியாது. இரண்டும் இல்லாத லாட்டிஸ் பங்கீட்டு லாட்டிஸ். உங்கள் மறுதிசை நான்கு வரியில் முடிந்தது. எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டு நேரடியாகவும் நிறுவலாம், பயிற்சிக்கு நல்லது. பரீட்சையில் இதை எழுதுங்கள்.

கேள்வி: வெரைட்டி என்றால் குறிப்பிட்ட விதிகளுக்குக் கட்டுப்படும் லாட்டிஸ்களின் தொகுப்பு என்று புரிந்துகொண்டிருக்கிறேன். அப்படியானால் எந்தப் பண்பை எடுத்தாலும் அது ஒரு வெரைட்டிதானே? உதாரணமாக, எல்லாச் சங்கிலிகளும்? (ஆய்வு மாணவி)

பதில்: சங்கிலிகள் வெரைட்டி அல்ல. உங்கள் உதாரணமே இதைப் புரிந்துகொள்ளச் சிறந்த இடம்.

விதி என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், முற்றொருமை என்று சொல்லுங்கள். 'எந்த இரண்டு உறுப்புகளிலும் ஒன்று மற்றதற்குக் கீழே இருக்கும்' என்பது விதிதான், ஆனால் அதில் 'அல்லது' ஒளிந்திருக்கிறது. முற்றொருமையில் அல்லது, என்றால், இருக்கிறது போன்ற சொற்களுக்கு இடமில்லை. வெறும் சமக்குறி மட்டும்.

சங்கிலிக்கு யாராவது புத்திசாலித்தனமாக ஒரு முற்றொருமையைக் கண்டுபிடித்துவிட மாட்டார்களா என்று கேட்பீர்கள். மாட்டார்கள். 0, 1 என்ற இரண்டு உறுப்புச் சங்கிலியை எடுத்து, அதன் இரண்டு பிரதிகளைப் பெருக்குங்கள். (0,0), (0,1), (1,0), (1,1) என்று நான்கு உறுப்புகள். கணக்கு ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக நடக்கிறது. ஒரு முற்றொருமை சங்கிலியில் பொருந்தினால் முதல் இடத்திலும் பொருந்தும், இரண்டாம் இடத்திலும் பொருந்தும், எனவே பெருக்கலிலும் பொருந்தும். ஆனால் (0,1), (1,0) இரண்டில் எது மேலே? எதுவும் இல்லை. சங்கிலிகளில் பொருந்தும் முற்றொருமைகள் அத்தனையும் சங்கிலி அல்லாத ஒன்றிலும் பொருந்திவிட்டன. ஆகவே சங்கிலிகளை மட்டும் தனியே பிரித்தெடுக்க எந்த முற்றொருமைத் தொகுப்பாலும் ஆகாது.

பெருக்கல் மட்டுமல்ல, இன்னும் இரண்டு செயல்களிலும் முற்றொருமை பிழைத்துக்கொள்ளும். ஒரு லாட்டிஸுக்குள் ஜாயின், மீட் இரண்டுக்கும் மூடியிருக்கும் பகுதியை, அதாவது உள்லாட்டிஸை, எடுத்தால் விதி கூடவே வரும். உறுப்புகளை ஜாயினும் மீட்டும் கெடாதபடி ஒட்டிச் சுருக்கினால் கிடைக்கும் பிம்பத்திலும் விதி நிற்கும். இதுவரை சொன்னது யாருக்கும் தோன்றக்கூடியது. 1935இல் பிர்காஃப் நிறுவியது மறுபக்கம்: பெருக்கல், உள்லாட்டிஸ், பிம்பம் என்ற மூன்றுக்கும் மூடிய எந்தத் தொகுப்பையும் முற்றொருமைகளால் எழுதிவிட முடியும். லாட்டிஸ் மட்டுமல்ல, குலம், வளையம் என்று செயலிகளால் ஆன எந்த இயற்கணிதத்துக்கும் இது செல்லும். ஒரு பக்கம் வெறும் எழுத்தும் சமக்குறியும், மறுபக்கம் வெட்டுவது, ஒட்டுவது, பெருக்குவது. இரண்டும் துல்லியமாக ஒரே தொகுப்புகளைக் கொடுக்கின்றன. எத்தனை முறை வகுப்பெடுத்தாலும் இதில் எனக்கு வியப்பு குறையவில்லை. ஆனால் இந்தத் தேற்றத்தை முதல் அத்தியாயத்தில் போட்டுவிட்டு எம்3யை ஐந்தாவது அத்தியாயத்தில் வரையும் புத்தகங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

கேள்வி: அப்படியானால் நிரப்பி உள்ள லாட்டிஸ்கள்? மேலே கேட்டவரோடு விவாதித்தபோது வந்த சந்தேகம். (அதே துறையின் இன்னொரு ஆய்வு மாணவர்)

பதில்: வெரைட்டி இல்லை. ஓர் உறுப்போடு மீட் எடுத்தால் அடியும் ஜாயின் எடுத்தால் உச்சியும் தரும் உறுப்புதான் அதன் நிரப்பி. மேலே வந்த நான்கு உறுப்புச் சதுரத்தில் எல்லாவற்றுக்கும் நிரப்பி உண்டு. அதிலிருந்து (0,0), (0,1), (1,1) மூன்றை மட்டும் எடுத்தால் அது உள்லாட்டிஸ், ஆனால் நடுவில் இருப்பதற்கு நிரப்பி இல்லை. நிரப்பியையே ஒரு செயலியாக மொழியில் சேர்த்துவிட்டால் கதை மாறும். பூலியன் இயற்கணிதங்கள் அந்த வழியில்தான் வெரைட்டி ஆகின்றன.

இதைவிட நுட்பமான ஒன்றும் சொல்கிறேன். மாடுலர் விதியில் 'என்றால்' என்பதை விழுங்க முடிந்தது அல்லவா, எல்லா 'என்றால்' விதிகளையும் அப்படி விழுங்க முடியாது. 'க ∨ ச = க ∨ த என்றால் இரண்டும் க ∨ (ச ∧ த) என்பதற்குச் சமம்' என்ற அரைப்பங்கீட்டு விதி ஒன்று உண்டு. கட்டற்ற லாட்டிஸ்கள், அதாவது எழுத்துகளிலிருந்து லாட்டிஸ் விதிகளைத் தவிர வேறு எந்தக் கட்டாயமும் இல்லாமல் உருவாகிறவை, இதற்குக் கட்டுப்படுகின்றன. ஆனால் எல்லா லாட்டிஸும் ஏதோ ஒரு கட்டற்ற லாட்டிஸின் பிம்பம். அது முற்றொருமையாக இருந்தால் பிம்பங்களுக்கும், எனவே எல்லா லாட்டிஸுக்கும், பொருந்தியிருக்க வேண்டும். எம்3இல் பொருந்தவில்லை: நடுப்புள்ளிகளைப் போட்டால் க ∨ ச, க ∨ த இரண்டும் உச்சி, க ∨ (ச ∧ த) வெறும் க.

கேள்வி: மொத்தம் எத்தனை லாட்டிஸ் வெரைட்டிகள் உண்டு? அவற்றுக்குப் பட்டியல் இருக்கிறதா? (கல்லூரி விரிவுரையாளர்)

பதில்: பட்டியல் இல்லை, இருக்கவும் முடியாது. ஆனால் அடிப்பகுதியின் வரைபடம் இருக்கிறது, அது அழகானது.

ஒரு வெரைட்டி இன்னொன்றுக்குள் அடங்கினால், அடங்குவதைக் கீழே வரைகிறோம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒற்றை உறுப்பு லாட்டிஸின் வெரைட்டி. அதற்கு நேர் மேலே ஒன்றே ஒன்று: பங்கீட்டு லாட்டிஸ்கள். ஏன் ஒன்றுதான்? ஒன்றுக்கு மேல் உறுப்புள்ள எந்த லாட்டிஸிலும் மேல் கீழாக இரண்டு உறுப்புகளாவது இருக்கும், எனவே இரண்டு உறுப்புச் சங்கிலி உள்ளே இருக்கிறது. எல்லாப் பங்கீட்டு லாட்டிஸ்களையும் அந்தச் சங்கிலியின் பெருக்கல்களுக்குள் வைத்துவிடலாம். அதற்கும் மேலே இரண்டு: எம்3 உருவாக்கும் வெரைட்டி, என்5 உருவாக்கும் வெரைட்டி. பங்கீட்டை மீறும் எந்த வெரைட்டியிலும் இந்த இரண்டில் ஒன்று இருந்தே தீரும் என்று மேலே பார்த்தோம்.

வேறு இயற்கணிதங்களில் இவ்வளவு தெளிவாக ஏறிப்போக முடிவதில்லை. லாட்டிஸில் முடிவதற்குக் காரணம் பியார்னி யோன்சன் 1967இல் வெளியிட்ட ஒரு துணைத் தேற்றம். ஒவ்வொரு வெரைட்டிக்கும் செங்கல் மாதிரி, அதற்கு மேல் பிரிக்க முடியாத லாட்டிஸ்கள் உண்டு. ஒரு முடிவுள்ள லாட்டிஸ் உருவாக்கும் வெரைட்டியின் செங்கல்கள் எல்லாம் அந்த லாட்டிஸின் உள்லாட்டிஸ்களுடைய பிம்பங்களாகவே இருக்கும், பெருக்கல் தேவையில்லை என்கிறது அது. அதாவது முடிவுள்ள லாட்டிஸ் ஒன்றைக் கொடுத்தால் அதன் வெரைட்டியின் செங்கல்களைக் கையாலேயே எண்ணிவிடலாம்.

எம்3இன் வெரைட்டிக்கு நேர் மேலே மூன்று வெரைட்டிகள். என்5இன் மேலே 16. அதில் 15ஐ உருவாக்கும் லாட்டிஸ்களை ரால்ஃப் மெக்கன்ஸி பட்டியலிட்டார். அவற்றோடு எம்3யும் என்5யும் சேர்ந்தது ஒன்று, வேறு கிடையாது என்று 1979இல் யோன்சனும் இவான் ரைவலும் நிறுவினார்கள்.

அதற்கு மேலே காடு. மொத்த எண்ணிக்கை மெய்யெண்கள் எத்தனையோ அத்தனை. மாடுலர் வெரைட்டிகள் மட்டுமே அத்தனை என்று கர்பி பேக்கர் 1969இல் காட்டினார். எழுதக்கூடிய முடிவுள்ள முற்றொருமைப் பட்டியல்களோ எண்ணத்தக்கவை, அதாவது 1, 2, 3 என்று வரிசையிடக்கூடியவை. மெய்யெண்களை அப்படி வரிசையிட முடியாது. ஆகவே பெரும்பாலான வெரைட்டிகளை எந்த முடிவுள்ள பட்டியலாலும் எழுதிவிட முடியாது. ஆனால் ஒரு முடிவுள்ள லாட்டிஸ் உருவாக்கும் வெரைட்டிக்கு எப்போதும் முடிவுள்ள பட்டியல் போதும். இது மெக்கன்ஸியின் 1970 முடிவு, பிறகு பேக்கர் இதை இன்னும் பொதுவாக்கினார்.

கேள்வி: லாட்டிஸின் எல்லா விதிகளையும் ஒரே சமன்பாட்டில் அடக்கிவிட்டார்களாமே, உண்மையா? (வாசகர்)

பதில்: உண்மை. முடியும் என்று மெக்கன்ஸி 1970இல் நிறுவினார். ஆனால் அந்த முறையில் வரும் சமன்பாட்டின் நீளம் லட்சக்கணக்கான குறிகள். 2003இல் மக்யூன், பத்மநாபன், வெராஃப் மூவரும் கணினியின் துணையோடு 8 எழுத்துகளில் 29 குறி நீளமுள்ள ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வகுப்பில் பயன்படுமா என்றால் படாது. அதைப் பார்த்து யாருக்கும் லாட்டிஸ் புரியாது.

கேள்வி: நான் மென்பொருள் எழுதுபவன். ஒரு முற்றொருமையைக் கொடுத்தால், அது எல்லா லாட்டிஸ்களிலும் பொருந்துமா என்று சொல்லும் நிரல் எழுத முடியுமா? மாடுலர் லாட்டிஸ்களுக்கு?

பதில்: முதல் கேள்விக்கு இன்று மாலையே எழுதிவிடலாம். சமன்பாட்டை இரண்டு ≤ ஆக உடையுங்கள். இடப்பக்கம் ஜாயினாக இருந்தால் அதன் இரண்டு பகுதிகளும் வலப்பக்கத்துக்குக் கீழே இருக்க வேண்டும். வலப்பக்கம் மீட்டாக இருந்தால் அதன் இரண்டு பகுதிகளுக்கும் இடப்பக்கம் கீழே இருக்க வேண்டும். ஒரு பக்கம் தனி எழுத்து மட்டும் இருந்து, மறுபக்கம் பிரிக்க வேண்டியதாக இருந்தால், இரண்டு பகுதிகளில் ஏதாவது ஒன்று ஒத்துப்போனால் போதும். இரண்டு பக்கமும் தனி எழுத்தென்றால் ஒரே எழுத்தாக இருக்க வேண்டும். சிக்கலானது, இடப்பக்கம் மீட், வலப்பக்கம் ஜாயின் என்று வரும்போது. பிலிப் விட்மன் 1941இல் சொன்ன நிபந்தனை இதற்கானது: இடப்பக்கத்தின் ஒரு பகுதி முழு வலப்பக்கத்துக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது முழு இடப்பக்கமும் வலப்பக்கத்தின் ஒரு பகுதிக்குக் கீழே இருக்க வேண்டும். நான்கு வாய்ப்பு, வேறு வழி இல்லை.

பங்கீட்டு விதியின் தகராறுப் பாதியிலேயே ஓட்டிப் பாருங்கள்: க ∧ (ச ∨ த) ≤ (க ∧ ச) ∨ (க ∧ த). வாய்ப்பு ஒன்று, க ≤ வலப்பக்கம்: அதற்கு க ≤ ச அல்லது க ≤ த வேண்டும், இல்லை. இரண்டு, ச ∨ த ≤ வலப்பக்கம்: அதற்கு ச ≤ க வேண்டும், இல்லை. மூன்று, இடப்பக்கம் ≤ க ∧ ச: அது சவுக்குக் கீழே இருக்க வேண்டும். க ≤ ச இல்லை, ச ∨ த ≤ ச என்பதற்கு த ≤ ச வேண்டும், அதுவும் இல்லை. நான்காவதும் இதே மாதிரி. எல்லாம் மூடிவிட்டன, ஆகவே விதி எல்லா லாட்டிஸிலும் பொருந்தாது. சிறு முடிவுகளை அட்டவணையில் சேமித்துக்கொண்டால் நிரல் வேகமாகவே ஓடும். தோரால்ஃப் ஸ்கோலம் 1920இலேயே இதற்கு வேகமான வழி ஒன்றை எழுதிவிட்டார், பல பத்தாண்டுகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பங்கீட்டு லாட்டிஸ்களுக்கு இன்னும் எளிது, எழுத்துகளுக்கு 0, 1 போட்டுப் பார்த்தாலே போதும். எழுத்து கூடினால் நேரம் ஆகும், அவ்வளவுதான். ஆனால் அங்கேயும் ஒரு வேடிக்கை: மூன்று எழுத்துகளிலிருந்து உருவாகும் கட்டற்ற பங்கீட்டு லாட்டிஸில் 18 உறுப்புகள், நான்குக்கு 166, ஐந்துக்கு 7579. ஒன்பது எழுத்துகளுக்கான எண்ணிக்கை 2023இல்தான் தெரிந்தது. 42 இலக்க எண் அது.

மாடுலர் விஷயத்தில் உங்களுக்கு ஏமாற்றம்தான். நான் எப்போதும் சொல்லும் 'உடையும் இடத்தைத் தேடு' என்ற புத்திமதிக்கும் இங்கே சிக்கல் வருகிறது. பொதுவான லாட்டிஸில் ஒரு முற்றொருமை எங்காவது உடைகிறது என்றால், ஏதாவது ஒரு முடிவுள்ள லாட்டிஸிலேயே உடையும். 1956இல் ரிச்சர்ட் டீன் நிறுவியது இது. எனவே பொறுமையாகத் தேடினால் கிடைத்தே தீரும். மாடுலர் லாட்டிஸ்களில் அப்படி இல்லை. முடிவுள்ள மாடுலர் லாட்டிஸ்கள் எல்லாவற்றிலும் பொருந்திவிட்டு, முடிவில்லாத ஒன்றில் மட்டும் உடைகிற முற்றொருமை உண்டு என்று 1979இல் ரால்ஃப் ஃப்ரீஸ் காட்டினார். சிறிய படங்களை வரிசையாகச் சோதித்துக்கொண்டே போகும் நிரல், அந்த முற்றொருமையில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

வேறு உத்தி கண்டுபிடிக்கலாமே என்றால், அந்தக் கதவும் மூடியாயிற்று. ஐந்து எழுத்துள்ள மாடுலர் முற்றொருமைகளைச் சரியாகத் தீர்மானிக்கும் நிரல் எதுவும் இருக்க முடியாது என்று ஃப்ரீஸே 1980இல் நிறுவினார். கிறிஸ்டியன் ஹெர்மன் 1983இல் அதை நான்கு எழுத்தாகக் குறைத்தார். மூன்று எழுத்தோடு நிற்கும் முற்றொருமைகள் என்றால் கவலை இல்லை. மூன்று எழுத்துகளின் கட்டற்ற மாடுலர் லாட்டிஸில் 28 உறுப்புகள்தான் என்று டெடகிண்ட் 1900லேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். உங்கள் நிரலில் அந்த 28 உறுப்புகளின் அட்டவணையை வைத்துக்கொண்டு, அதற்கு மேல் எழுத்து வந்தால் 'தெரியாது' என்று பதில் சொல்ல விடுங்கள்.